ஓடாநிலைக் கோட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும்

1

ஓடாநிலையில் கோட்டை இல்லை. ஈரோடு மாவட்டம் அறச்சலூருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊருக்குப் போய் 'தீரன் சின்னமலை கோட்டை எங்கே?' என்று கேட்டால் கையை நீட்டி அரசு கட்டிய மணிமண்டபத்தைக் காட்டுவார்கள். கோட்டையை வெள்ளைக்காரன் பீரங்கி வைத்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டான் என்பார்கள். இடித்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இல்லாத அந்தக் கோட்டைக்குத்தான் இன்றைக்கு எத்தனை சொந்தக்காரர்கள்! இருக்கிற கோட்டைக்குக்கூட இத்தனை பேர் உரிமை கொண்டாடுவதில்லை.

கோட்டை என்றதும் வேலூரையோ செஞ்சியையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. பாளையக்காரர் காலத்தில் கோட்டை என்பது பல இடங்களில் மதில் வைத்த வீடுதான். சுற்றிலும் மதில், உள்ளே குடியிருப்பு, தானியக் குதிர், குதிரை லாயம், கொல்லுப்பட்டறை, ஆள் பயிற்சிக்கு ஒரு திடல். ஓடாநிலையில் இருந்ததும் அப்படி அரண் செய்த ஒரு வீடு என்றுதான் கதைகளிலிருந்து புரிந்துகொள்ள முடிகிறது. வீடு என்றால் வீட்டுக்காரர் மட்டும் இருப்பதில்லை. வீட்டைக் கட்டியவன், மண் சுமந்தவள், காவல் நின்றவன், தோல் தைத்தவன், சாணி அள்ளியவள் எல்லாரும் சேர்ந்ததுதான் வீடு. ஆனால் வீட்டுக்குப் பெயர் வைக்கும்போது ஒருத்தர் பெயர்தான் வைக்கிறார்கள்.

நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு ஓடாநிலையைப் பற்றி நான் எழுதக் காரணம் இருக்கிறது. அந்த வீட்டின் கதை முடிந்தது எங்கள் சமவெளியில், சங்ககிரி மலைக்கோட்டையில். 1805 ஜூலை 31 அன்று, ஆடிப்பெருக்கு நாளில், சின்னமலையை அங்கேதான் தூக்கில் போட்டார்கள். முடிந்த கதை 210 வருஷம் கழித்து வேறொரு விதமாக எங்கள் திருச்செங்கோட்டில் மறுபடி ஆரம்பித்தது. அதைப் பேசாமல் கோட்டையைப் பற்றி மட்டும் பேசுவது, சுவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நடப்பதைக் கேட்காமல் வருவது மாதிரி.

2

கோட்டைகள் கை மாறுவது ஒன்றும் புதிதில்லை. நாமக்கல்லில் ஒற்றைப் பாறை மேல் நிற்கிற கோட்டையைச் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் கட்டினார் என்பார்கள். மைசூர் அதிகாரி ஒருவர் கட்டினார் என்றும் சொல்வதுண்டு. 1768இல் கும்பினிப் படையின் கர்னல் வுட் அதைப் பிடித்தான். அந்த வருஷம் முடிவதற்குள் ஹைதர் அலி திரும்பப் பிடித்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த நாட்டோடு நாமக்கல், சங்ககிரி, சேலம் எல்லாம் கும்பினிக்குப் போயிற்று. இன்றைக்கு அந்தப் பாறை மேல் ஒரு பெருமாள் கோயிலும் ஒரு தர்காவும் இருக்கின்றன. கோட்டை தொல்லியல் துறையின் கையில். நாயக்கர், மைசூர், கும்பினி, சர்க்கார். வெற்றி பெற்றவன் பெயருக்குப் பட்டா மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

காவிரிக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. 1792இல் காவிரியின் கிழக்குக் கரை கும்பினி வசம், மேற்கே கோயம்புத்தூர்ச் சீமை இன்னும் திப்பு வசம். 1799இல் திப்பு விழுந்த பிறகுதான் அந்தக் கரையும் போனது. சின்னமலையின் போர் இந்த இடைவெளியில் முளைத்தது. தீர்த்தகிரி என்ற இயற்பெயரோடு காங்கேயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்தவர். பழையகோட்டைப் பட்டக்காரர் மரபு. மைசூருக்குப் போன வரிப் பணத்தை வழியில் மறித்துப் பிடுங்கி, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்' என்று அனுப்பினார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே சின்னமலைதான் பிறகு திப்புவோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்தார். 1801இல் காவிரிக் கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அறச்சலூர் என்று மூன்று போர்களைச் சொல்கிறார்கள்.

ஆட்சி மாறியபோது மண்ணுக்கு என்ன ஆயிற்று? 1792இல் பாரமகால் சீமைக்கு வந்த அலெக்சாண்டர் ரீடும் அவன் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்தார்கள். ரயத்துவாரி முறையின் விதை எங்கள் சேலம் மண்ணில்தான் விழுந்தது. நிலத்தில் உழுகிறவனோடு சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பிறகு 1802ஐ ஒட்டி அதையும் விட்டுவிட்டு, ஊர்களைக் கட்டுக்கட்டாக மிட்டா என்று ஏலம் போட்டார்கள். பல மிட்டாதாரர்கள் கிஸ்தி கட்ட முடியாமல் விழுந்தார்கள். மறுபடி ரயத்துவாரி.

இத்தனை மாற்றத்திலும் மாறாத ஒன்று உண்டு. உழுகிறவன் என்று எந்தக் கணக்கில் எழுதினாலும் அதில் மாதாரி பெயரும் பறையர் பெயரும் ஏறவில்லை. ஏர் பிடித்த கைக்கும் 'ரயத்து' என்ற சொல்லுக்கும் நடுவில் சாதி நின்றது. சர்க்கார் பறையர்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதி, அதன் பேரில் 1892இல் அரசாணை வருவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. அப்படி வந்த பஞ்சமி நிலமும் யார் கையில் இருக்கிறது என்பதை 1994இல் காரணையில் மண்ணை மீட்கப் போய்ச் செத்த ஜான் தாமஸும் ஏழுமலையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

3

கொங்கு நாடு வானம் பார்த்த பூமி. கிணறு இல்லாவிட்டால் வெள்ளாமை இல்லை. மின்சார மோட்டார் வரும்வரை கிணற்றுத் தண்ணீர் மேலே வந்தது கவலையில். மாடு கட்டி இறைக்கிற கவலைச் சாலுக்குத் தோல்வால் வேண்டும். தோலைப் பதப்படுத்தித் தைக்க மாதாரி வேண்டும். நடுப்பகலில் தோல் கிழிந்தால் இறவை நின்றுபோகும், பயிர் வாடும். ஆக, கொங்கு வேளாண்மை என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது சக்கிலியன் ஊசி முனையில் நின்ற வேளாண்மை. 'எங்க ஊசி ஓடுனாத்தான் அவிய ஏத்தம் ஓடும்' என்று என் அம்மாயி சொல்லும். அது பெருமையாகச் சொன்னதா, வயிற்றெரிச்சலில் சொன்னதா என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கோட்டைக்கு மட்டும் தோல் வேண்டாமா? குதிரைக்குச் சேணம், கடிவாளம். வாளுக்கு உறை. மருந்து நனையாமல் வைக்கப் பை. படை கூட்டப் பறை. நடக்கச் செருப்பு. மதில் வைத்த அந்த வீட்டில் கல்லுக்கும் இரும்புக்கும் அடுத்து அதிகம் புழங்கிய பொருள் தோலாகத்தான் இருக்க வேண்டும். தோல் இருந்த இடமெல்லாம் எங்கள் ஆள் இருந்திருப்பான். இதற்கு ஓலைச்சுவடி ஆதாரம் தேவையில்லை. செத்த மாட்டைத் தொட்டவன் யார் என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இப்படித் தோல் தைத்தவன், தைத்த செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு கவுண்டர் வீதியில் நடக்க முடியாது. கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது கக்கத்தில். நரைத்த கிழவனானாலும் பத்து வயசுப் பையன் 'டே' என்று கூப்பிடுவான். இவர் 'சாமி' என்று கும்பிட வேண்டும். இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று: டீக்கடையில் இரட்டைக் குவளைக்கு எதிராக நடந்த போராட்டங்களின் கணக்கை எடுத்துப் பாருங்கள். அதில் கொங்கு நாட்டு ஊர்களின் பெயர்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள்.

இந்தச் செருப்புதான் ஓடாநிலைக் கதையின் நடுவில் வந்து கிடக்கிறது.

4

கதை இது. கும்பினிப் படை பீரங்கிகளோடு பெருங்கூட்டமாக ஓடாநிலைக்கு வருகிறது. படைக்குள் இருந்த ஓர் ஆள் மூலம் சேதி முன்கூட்டியே சின்னமலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மண்மதிலை வைத்துக்கொண்டு பீரங்கிக்கு எதிரே நிற்க முடியாது. வீட்டைக் காலி செய்துவிட்டு ஆட்கள் வெளியேறுகிறார்கள். வெள்ளைக்காரன் உள்ளே நுழைந்தால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. கிடந்தது சில செருப்புகள்தான். சந்தேகப்பட்டு அடித்தோலைப் பிரித்துப் பார்க்கிறான். உள்ளே கடிதம். சேதி போன வழி தெரிந்துவிடுகிறது. அனுப்பியவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். கோட்டையை இடித்துத் தள்ளுகிறார்கள்.

அந்த ஆள் யார் என்பதில்தான் கதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு வழக்கில் அவர் பெயர் வேலப்பன். கும்பினிப் படையில் வேலை பார்த்துக்கொண்டே உளவு சொன்ன சின்னமலையின் தோழர். அருந்ததியர் வழக்கில் அவர் பொல்லான். செருப்புத் தைக்கிறவராகக் கும்பினி முகாமுக்குள் புழங்கியவர், படைத்தலைவர், அறச்சலூருக்குப் பக்கத்தில் நல்லமங்காபாளையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஆடி 1ஆம் தேதியை அவர் நினைவு நாளாக எடுக்கிறார்கள்.

'பொல்லானுக்கு ஆவணம் எங்கே?' என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியை ஏன் ஒருத்தரிடம் மட்டும் கேட்கிறீர்கள்? சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் வரிப் பணம் பறித்ததற்கு என்ன ஆவணம்? ஓடாநிலை வீட்டின் நீளம், அகலம், மதிலின் உயரம் எல்லாம் எந்தக் கணக்கில் இருக்கிறது? சின்னமலை கதையின் பெரும்பகுதி கும்மியிலும் கதைப்பாடலிலும் பெரியவர்கள் வாயிலும் இருந்து திரட்டியதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. எழுதுகிற கை கும்பினியிடம் இருந்தபோது தோற்றவன் கதை வாயில்தான் இருக்கும். ஆனால் ஊர்க்கவுண்டர் வாயில் இருந்து வந்தால் அது வரலாறு, வளவில் இருந்து வந்தால் அது கட்டுக்கதை என்று பிரிக்கிற தராசு எந்தக் கடையில் வாங்கியது?

வேலப்பனா, பொல்லானா என்று மல்லுக்கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. கடிதம் எழுதியது யாராகவும் இருக்கட்டும். அதை அடித்தோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவில் வைத்து, தையல் வெளியே தெரியாமல், நடந்தால் கசங்காமல், மழையில் நனையாமல் தைத்தது யார்? கதை சொல்கிற எல்லாரும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் செருப்பு. செருப்பு இருந்தது என்றால் தைத்தவன் இருந்தான். கடிதத்தை உள்ளே வைத்துத் தைத்தான் என்றால் அவனுக்குத் தெரிந்தேதான் தைத்தான். பிடிபட்டால் உயிர் போகும் என்பதும் தெரிந்திருக்கும். ஓடாநிலை வீட்டின் கல்லும் மண்ணும் போய்விட்டது, மிச்சம் இருக்கிற ஒரே தடயம் எங்கள் தொழிலின் தடயம். ஆவணம் கேட்கிறவர்களே, உங்கள் கதையை நீங்களே பிரித்துப் பாருங்கள், வெள்ளைக்காரன் செருப்பைப் பிரித்த மாதிரி. உள்ளே நாங்கள் இருக்கிறோம்.

அதற்கப்புறம் கதை வேகமாக முடிகிறது. சின்னமலை பழனி பக்கம் கருமலையில் மறைந்திருந்தார். சமையல்காரன் நல்லப்பன் காட்டிக்கொடுத்தான். தம்பிகளோடும் கருப்ப சேர்வையோடும் சங்ககிரிக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கதையில் வேலைக்காரர்களுக்கு இரண்டே வேஷம்தான். ஒன்று விசுவாசி, செத்துப்போகிறவன். இன்னொன்று துரோகி, காட்டிக்கொடுக்கிறவன். எசமானுக்கு லட்சியம் இருக்கும், கோபம் இருக்கும், தந்திரம் இருக்கும். வேலைக்காரனுக்கு விசுவாசம் இருக்கும், இல்லாவிட்டால் துரோகம் இருக்கும். தனக்கென்று ஒரு காரணம் இருக்காது. ஆண்ட சாதிகள் எழுதுகிற வரலாற்றில் எங்களுக்கு இதுவரை கிடைத்த இடம் இதுதான்.

5

இடிந்த வீடு எப்படி மறுபடி எழுந்தது என்று பார்க்க வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பாளையக்காரர் கோட்டைகள் கல்லில் எழுவதற்கு முன்னால் மேடையில் எழுந்தன. பாஞ்சாலங்குறிச்சி அதற்கு நல்ல உதாரணம். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, கோட்டையைச் சுவடு தெரியாமல் அழித்தார்கள். 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை ஒன்றைப் புதிதாகவே கட்டியது. கோட்டை அரசு செலவில் திரும்ப வந்துவிட்டது. அந்தக் கோட்டைக்காகச் செத்த கவர்னகிரி சுந்தரலிங்கம்? அவர் தேவேந்திரர். அவர் பெயரை 1997இல் விருதுநகர்ப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வைத்தபோது என்ன நடந்தது என்று நாம் எல்லாரும் பார்த்தோம். ஒரு தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வந்தது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு செய்தது என்ன? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. திருச்சியில் ஓடிக்கொண்டிருந்த தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அதோடு போயிற்று.

இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தலித் பெயருக்கு ஒரு பலகையில் இடம் கொடுப்பதைவிட, தங்கள் பெயர்களும் சேர்ந்து போனாலும் பரவாயில்லை என்று ஒரு சமூகம் முடிவு செய்தது. கூட்டு வீட்டில் ஒருத்தனுக்குப் பங்கு கொடுக்கக் கூடாது என்பதற்காக வீட்டையே இடித்துத் தள்ளினார்கள். இந்த முறை இடித்தது வெள்ளைக்காரன் இல்லை.

சின்னமலையின் பெயர் பலகையில் இருந்து போனாலும் வேறு வழியில் வளர்ந்தது. 2005இல் அவருக்குத் தபால் தலை வந்தது. ஓடாநிலையில் மணிமண்டபம் வந்தது. ஆடிப்பெருக்கு அன்று எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருகிறார்கள், சங்ககிரிக்கும் வருகிறார்கள். கும்பினியை எதிர்த்துச் செத்த ஒருவருக்கு மாலை போடுவதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் கதை மேடையில் ஏறும்போது யார் யார் கீழே இறக்கிவிடப்படுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். திப்பு சுல்தானோடு தோளோடு தோள் நின்ற சின்னமலையில் திப்பு மெதுவாகக் காணாமல் போகிறார். கருப்ப சேர்வை பெயர் ஒரு வரியில் முடிகிறது. பொல்லான் வாசலுக்கு வெளியே. பல சாதிக்காரர்கள் புழங்கியதாகக் கதை சொல்கிற ஒரு வீடு, ஒரு சாதியின் குலவீடாக ஆகிவிடுகிறது. வீட்டைக் கட்டியவர் பூட்டியதில்லை. பேரைச் சொல்லிக்கொண்டு பின்னால் வந்தவர்கள்தான் பூட்டுப் போட்டார்கள்.

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்று எங்கள் மாவட்டத்துக்கு 2015இல் தெரிந்தது. அந்த வருஷம் ஜனவரியில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்காகத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்து, நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் அவரிடம் எழுதி வாங்கினார்கள். ஊரின் பழங்கதையை யார் சொல்லலாம், எப்படிச் சொல்லலாம் என்று தீர்ப்பு சொல்கிற அதிகாரத்தைச் சாதி அமைப்புகள் எடுத்துக்கொண்டன. ஐந்து மாதம் கழித்து, ஜூன் 23ஆம் தேதி, சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் மாணவர் கோகுல்ராஜ் தன்னோடு படித்த பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் பாதையில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். அந்த வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டிஎஸ்பி விஷ்ணுபிரியா, அவரும் தலித், செப்டம்பரில் தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார்.

கோகுல்ராஜைக் கொன்ற வழக்கில் முதல் குற்றவாளி நடத்தி வந்த அமைப்பின் பெயர் தீரன் சின்னமலை கவுண்டர் பேரவை. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் அவர் உட்பட 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் திருச்செங்கோட்டுக்கே வந்து கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், 2023 ஜூனில் அவருடைய ஆயுள் தண்டனையை உறுதி செய்தார்கள்.

கும்பினிக்காரன் கண்ணில் மண்ணைத் தூவ ஒரு மாதாரியின் கையை நம்பியவராகக் கதை சொல்லும் சின்னமலை எங்கே, அவர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு ஒரு தலித் பையனின் உயிரை எடுத்தவர்கள் எங்கே! ஒரு பெயரை யார் வைத்திருக்கிறார்கள் என்பது சும்மா பெருமைப் பிரச்சினை இல்லை. எங்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் இல்லாத ஒரு வீட்டின் பட்டாவைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

6

அருந்ததியர் அமைப்புகள் பொல்லானுக்கு நினைவிடம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடினார்கள். மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், ஆடி 1 அன்று மாலை போடப் போய் அனுமதிக்காகக் காத்து நின்றார்கள். 2025 நவம்பரில் மொடக்குறிச்சி பக்கம் ஜெயராமபுரத்தில் பொல்லான் மணிமண்டபத்தை முதலமைச்சர் திறந்து வைத்தார். தெற்கே பூலித்தேவன் படையின் ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மண்டபமும் 2022இல் தபால் தலையும் வந்தன. இவை சின்ன வெற்றிகள் இல்லை. செருப்பைக் கக்கத்தில் வைத்து நடந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு அவர் சிலைக்கு முன்னால் செருப்புக் காலோடு கூட்டமாக நிற்கிறார்கள். அந்தக் காட்சிக்காகவே எத்தனை மனு வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆனாலும் தோழர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. சிலை வந்தவுடன் கதை முடிந்ததாக நினைத்துவிடக் கூடாது. ஆடி 1க்கு ஒரு கூட்டம், ஆடி 18க்கு வேறொரு கூட்டம். ஒரே போரில் செத்தவர்களுக்கு ஒரே மாதத்தில் இரண்டு சாமி கும்பிடு. ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்ற ஏற்பாடு நினைவிடத்துக்கும் வந்துவிட்டதா? ஓடாநிலை மண்டபத்துக்குள் பொல்லான் கதையும், ஜெயராமபுரத்தில் சின்னமலை கதையும் சமமாக எழுதப்பட வேண்டும். பள்ளிப் பாடத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் வர வேண்டும்.

இன்னொன்று. 'விசுவாசமான தளபதி' என்ற பட்டத்தை நாமே எடுத்துப் பொல்லானுக்குச் சூட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பட்டம் அவர்கள் தைத்த சட்டை. பொல்லான் எதற்காக உயிரைக் கொடுத்தார்? எசமானுக்காக மட்டும்தானா? கும்பினி வந்தபோது பண்ணையாளுக்கு என்ன நடந்தது, மைசூர் போனபோது என்ன போயிற்று, பதிலுக்கு அவர் எதிர்பார்த்த உலகம் எது என்று நம் இளைஞர்கள் கேட்க வேண்டும். நாட்டுக்காகச் செத்தார் என்றால் அந்த நாட்டில் அவருக்கு என்ன பங்கு இருந்தது? விசுவாசம் என்ற ஒரு சொல்லைப் போட்டு இந்தக் கேள்விகளை எல்லாம் மூடிவிடுகிறார்கள். விசுவாசியின் பேரனிடம் நாளைக்கும் விசுவாசம்தான் கேட்பார்கள்.

பங்கு என்று கேட்டால் உடனே நமக்குள்ளேயே சண்டை மூட்டுவார்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கும். அந்த உள் ஒதுக்கீட்டுக்கு எதிரான வழக்கும் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. பறையர், தேவேந்திரர், அருந்ததியர் என்று தனித்தனிக் கோட்டை கட்டிக்கொண்டு தனித்தனி வீரனை உள்ளே வைத்துப் பூட்டுவதென்றால், ஓடாநிலையைப் பூட்டியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? சுந்தரலிங்கத்தின் பெயர்ப் பலகை இறங்கியபோது கொங்கு நாட்டு மாதாரிக்கும் அது தன் வீட்டுப் பலகை என்று பட்டிருக்க வேண்டும். கோகுல்ராஜ் செத்தபோது அது எந்த உட்சாதியின் சாவு என்று யாரும் கேட்டிருக்கக் கூடாது.

செய்ய வேண்டிய வேலைகள் கையில் கிடக்கின்றன. சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம், அறச்சலூர், மொடக்குறிச்சி வட்டாரங்களில் எங்கள் வளவுகளில் இருக்கும் கிழவர் கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்கிற கதைகளை, பாட்டுகளை, எந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், எந்த மதிலுக்கு யார் மண் சுமந்தார்கள் என்ற கணக்கை, கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் பதிவு செய்ய வேண்டும். கையில் இருக்கும் செல்போனே போதும். கதை முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் முரணோடேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மாவட்டத்தின் பழைய நில ஆவணங்களில் பஞ்சமி நிலம் எது, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நினைவும் நிலமும் ஒரே பட்டாவின் இரண்டு பக்கங்கள். ஒன்றைக் கேட்டு இன்னொன்றை விட்டுவிட்டால், மண்டபம் நம்முடையதாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள காடு அவர்களுடையதாகவே இருக்கும்.

சங்ககிரி அடிவாரத்தில் சந்தித்த ஒரு பெரியவரிடம் கோட்டையைப் பற்றிக் கேட்டேன். 'அவிய கோட்டை கட்டுனாங்க, நாங்க கல்லு சொமந்தோம். கோட்டை இடிஞ்சுது, அந்தக் கல்லையும் நாங்கதான் சொமந்தோம். இதுல எங்களுக்கென்னங்க இருக்குது, சொமந்த தோளுதான் இருக்குது' என்றார். இருநூறு வருஷத்து நிலவரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. அந்தத் தோளுக்கு என்ன பங்கு என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் வரும்வரை ஓடாநிலை வீட்டின் கணக்கு முடியவில்லை.